எனக்கு மட்டும் சாம்பார்

தாய்மொழி படிக்க வெளிநாடு போகிறேன் என்று சொன்னதும் கோயம்புத்தூரில் சிரிக்காதவர்கள் யாருமில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் கோலப்பொடியோடு நின்றபடியே, "ஏனுங்க டீச்சர், இத்தனை வருசமா அப்பறம் என்னத்தைச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தீங்கொ?" என்று கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் சரியான இடத்தில்தான் கேட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு எட்டு வருடமாகக் கணினி வழியே பேச்சுத்தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் மாயா என்றொரு பெண், நோர்வேயில் பெர்கன் நகரத்தில் இருப்பவள். அவளுடைய அப்பாவுக்கு ஊர் யாழ்ப்பாணத்து நெல்லியடி, அம்மா நோர்வேக்காரர். பிள்ளை பள்ளியில் பின்தங்கிவிடக் கூடாதென்று அவர் அவளிடம் நோர்வே மொழியிலேயே பேசி வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் இருந்த தன் அக்காவோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் வீட்டில் தமிழ் கேட்கும். அடுத்த அறையில் படுத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல், அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போவேன் என்று மாயா சொல்லியிருக்கிறாள். அப்பா இறந்த மறுவருடம் என் வகுப்பில் சேர்ந்தாள்.

இரண்டு வருடம் படித்தாள். நல்ல மாணவி. ஒரு நாள் தைரியம் வந்து அந்த அத்தையை அழைத்துப் பேசினாள். அடுத்த வகுப்பில் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "அத்தை என்னோடு விருந்தாளியோடு பேசுவதைப் போலப் பேசினார். அப்பாவோடு பேசிய குரல் அது இல்லை. இனி நான் வரவில்லை டீச்சர்." என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நானாகவே காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். நான் கற்றுக்கொடுத்தது என் ஊர்த் தமிழ். அதைக் கேட்ட அந்த வீடு அவளை வெளியாள் என்று நினைத்துவிட்டது. குற்றம் என்னுடையது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டிலேயே தங்கி, அந்த ஊர்ப் பேச்சிலேயே நான்கு வாரம் முங்கி எழும் படிப்பு ஒன்று இருப்பதாக அறிந்ததும் பணம் கட்டிவிட்டேன். கிளம்புமுன் மாயாவிடம் அத்தையின் தொலைபேசி எண்ணைக் கேட்டேன். எண் மட்டும் வந்தது. கூட ஒரு வார்த்தை வரவில்லை.

தங்குவதற்குக் கிடைத்த வீடு கொக்குவிலில். உயரமான மதில், உள்ளே மாமரம், ரயில் போனால் மேசைமேல் கரண்டி லேசாக நடுங்கும். வீட்டுக்காரர் றூத் அக்கா. மூன்று தலைமுறையாக மெதடிஸ்த சபைக் குடும்பம். அதே வீட்டில் என்னோடு படிக்கத் தங்கியிருந்தவள் அன்றியா என்கிற சுவிஸ்காரி. பேர்ன் நகரத்தில் முதியோர் இல்லத் தாதி. அங்கே இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வயது ஏற ஏறப் பிற மொழிகளை மறந்து தமிழில் மட்டும் பேசத் தொடங்கிவிட்டார்களாம். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமா வலிக்கிறதா என்று கேட்கத் தமிழ் படிக்க வந்திருந்தாள்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்றியாவின் தட்டில் ஆவி பறக்கும் பிட்டு, அதன்மேல் நண்டுக் கறி. என் தட்டில் இட்லி, சாம்பார். றூத் அக்கா கைபேசியில் பார்த்துப் பார்த்து எனக்காகவே செய்திருந்தார். நண்டின் வாசனை என் மூக்கு வழியாக வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நல்லா சாப்பிடுங்க, கூச்சப்படாதீங்க," என்றார் என்னிடம். அன்றியாவின் பக்கம் திரும்பியதும் குரலே வேறு. "உந்த நண்டுக்காலைக் கடிச்சு உறிஞ்சும் பிள்ளை. கரண்டியை அங்காலை வையும்."

மூன்று நாள் கழித்துத்தான் நடப்பது எனக்குப் புரிந்தது. வெள்ளைக்காரிக்கு இந்த ஊர்த் தமிழ். எனக்கு என் ஊர்த் தமிழ், அதாவது தொலைக்காட்சித் தொடர்களில் வரும் தமிழ். கடைக்காரர், ஆட்டோக்காரர், சபையில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, எல்லாரும் அப்படித்தான். நான் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும், எதிரே இருப்பவர் அடுத்த நொடியே சென்னைக்குக் குடிபெயர்ந்துவிடுவார். றூத் அக்கா ஜெபிக்கும்போது கர்த்தரிடம் வேதாகமத் தமிழ் பேசினார், என்னிடம் சீரியல் தமிழ் பேசினார். சொந்தத் தமிழ் முழுதாகக் கிடைத்தது வீட்டு நாய்க்குத்தான். "எடேய் பிரவுணி, உங்கை என்னடா கிண்டுறாய்? இஞ்சாலை வா." அந்த நாயின்மேல் எனக்கு உண்மையாகவே பொறாமை வந்தது.

படிப்பை நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர். எல்லாரும் மாஸ்டர் என்றார்கள். அவரிடம் போய் முறையிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் சினிமாவை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், உங்கள் பேச்சு எங்களுக்கு நன்றாகப் புரியும், எங்கள் பேச்சு உங்களுக்குப் புரியாது, அதனால் வீட்டுக்கு வந்தவருக்குத் தக்கபடி நாங்கள்தான் மாறிக்கொள்ள வேண்டும், அதுதானே மரியாதை என்றார். இதைக்கூட அவர் என் தமிழில்தான் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. மரியாதையில் கோயம்புத்தூர்க்காரரை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டிக்கொள்ளும் கூட்டம் நாங்கள். கன்றுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்போம் என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் கடல் தாண்டி வந்த ஒருவருக்காக என் பேச்சை நான் ஒரு நாளாவது மாற்றிக்கொண்டிருப்பேனா? நினைத்துப் பார்த்தேன், ஒரு தடவைகூட இல்லை. அப்படிச் செய்யலாம் என்று தோன்றியதே இல்லை.

இரண்டாவது வாரம் நானும் அவர்களைப் போலப் பேச முயன்றேன். "எனக்கு உங்கடை மீன்குழம்பு வேணும்," என்று றூத் அக்காவிடம் இரண்டு நாள் ஒத்திகை பார்த்துச் சொன்னேன். அவர் வாய் பொத்திச் சிரித்தார். பிறகு, நான் அவருக்காகச் சிரமப்படுகிறேன் என்று நினைத்து வருத்தப்பட்டார். நீங்க உங்க தமிழ்லயே பேசுங்க, கேக்க எவ்வளவு அழகா இருக்கு என்றார். அன்று சாம்பாரில் முருங்கைக்காய் கூடுதலாக மிதந்தது.

வழி சொன்னவள் அன்றியா. "அக்கா, நீங்கள் கதையாதேங்கோ. வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டுப்போகுது," என்றாள், சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில். அவள் பேசுவது, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பது. இதுதான் ஏற்பாடு. முப்பது வயதுச் சுவிஸ்காரியின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஐம்பது வயதுத் தமிழ் டீச்சர் மௌனமாக நடந்தது அந்த ஊருக்கு நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும்.

கொக்குவிலுக்குப் பக்கத்தில் திருநெல்வேலி என்றே ஓர் ஊர் இருக்கிறது, அங்கே ஒரு பெரிய சந்தை. அல்வா கிடைக்காது, கத்தரிக்காய் பிரமாதமாகக் கிடைக்கும். காய்கறி விற்ற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உவ ஆர் பிள்ளை? வாய் பேசாதவவோ?"

"இல்லை, அவ ரீச்சர். இப்ப கதைக்காமல் இருக்கிறா," என்றாள் அன்றியா. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"எங்கடை பள்ளிக்கூடத்துக்கும் உப்பிடி ஒரு ரீச்சர் வேணும்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ஒரு பிடி கறிவேப்பிலையை என் பையில் போட்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்படிப் பத்து நாள். சந்தை, தையல்கடை, பாண் வாங்கும் பேக்கரி. கேட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்ததும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். நோட்டுப்புத்தகத்துக்கு இங்கே கொப்பி என்று பெயர். மூன்றாவது வாரக் கடைசியில் அவர்கள் வேகமாகப் பேசினாலும் பிடிபட ஆரம்பித்துவிட்டது. காது தேறிவிட்டது, வாயைத்தான் யாரும் சோதித்துப் பார்க்க விடவில்லை. அந்தத் துணிச்சலில் மாயாவின் அத்தையை அழைத்து, சனிக்கிழமை மதியம் வருகிறேன் என்றேன். "வாங்க வாங்க மேடம், சந்தோஷம்," என்றது மறுமுனை. மாயா சொன்ன விருந்தாளிக் குரல் அதுதான்.

நெல்லியடிக்குத் தனியாகத்தான் போனேன். பேருந்தில் நம் ஊர்ப் பாட்டுகள் காது கிழிய ஓடின. நிற்கக்கூட இடமில்லாத வண்டிக்குள், "பின்னாலை போங்கோ அண்ணை, உள்ளை இடம் கிடக்கு," என்று நடத்துனர் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பொய்க்கு மட்டும் இரண்டு நாட்டிலும் ஒரே தமிழ். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஒரு கலியாண வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் முகத்தை நீட்டிக்கொண்டு எழுந்து போன இடம் வந்தபோது நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். பேருந்து நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நானும் இறங்கிப் பார்த்தால் எதிரே கடல். நெல்லியடி எப்போதோ போய்விட்டது, நான் நிற்பது பருத்தித்துறையில்.

கடற்கரையில் படகுகள் வரிசையாகக் கிடந்தன. மீன் சந்தையில் ஏலம் முடிந்து தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு கடையில் வடை கேட்டேன். தட்டையாக, மொறுமொறுவென்று, எங்கள் ஊர்த் தட்டை மாதிரி ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். இது வடையா என்று கேட்டுவிட்டேன். பருத்தித்துறை வடை என்றால் உலகமே அறியும் என்றார் கடைக்காரர், அதையும் என் தமிழிலேயே. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். உலகம் அறிந்தது நியாயம்தான். திரும்பி வரும் சிற்றுந்தில் நடத்துனருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நெல்லியடி வரும்வரை கொப்பியைத் திறக்கவே இல்லை.

மாயாவின் அத்தை பெயர் புவனேஸ்வரி. தபால் கந்தோரில், நம் ஊர்ப் பேச்சில் தபாலாபீஸில், வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஒரு மணிநேரம் தாமதமாக வந்த என்னை வாசலிலேயே காத்து நின்று உள்ளே அழைத்துப்போனார். "உட்காருங்க மேடம். டீ சாப்பிடுறீங்களா, காபி சாப்பிடுறீங்களா?" ஒவ்வொரு சொல்லையும் தட்டில் அடுக்கிவைப்பதுபோலச் சொன்னார். சுவரில் தம்பியின் படம், மாலை போட்டு. மாயாவுக்கு அதே மூக்கு.

நான் மாயாவின் டீச்சர் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளை எப்படி இருக்கிறாள், உடம்பு நன்றாக இருக்கிறதா, ஏன் பிறகு அழைக்கவேயில்லை என்று கேட்டார். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாமல் உண்மையையே சொன்னேன். என்மேல்தான் பிழை, நான் என் ஊர்த் தமிழைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், அதனால் நீங்கள் அவளை வெளியாளாக நினைத்துப் பேசியதாக அவளுக்கு வருத்தம், அவளுக்கு அப்பாவோடு நீங்கள் பேசிய பேச்சுத்தான் வேண்டும் என்றேன்.

அவர் எழுந்து அலுமாரியைத் திறந்தார். ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தபால்கந்தோர்க்காரரின் மணிமணியான கையெழுத்து. "நல்லா இருக்கியாம்மா." "உடம்பைப் பாத்துக்கோ." "அத்தைக்கு உன்னைப் பாக்கணும்போல இருக்கு." பக்கம் பக்கமாக இப்படியே. பின்னேரங்களில் தொலைக்காட்சித் தொடர் பார்த்துப் பார்த்து எழுதியது.

அதன்பிறகு அவர் பேசியதில் என் ஊர்த் தமிழ் இல்லை.

"பிள்ளை இந்தியாக்கார ரீச்சரிட்டைத் தமிழ் படிக்கிறாள் எண்டு அங்கை இருக்கிற எங்கடை ஆக்கள் சொல்லிச்சினம். நான் எங்கடை தமிழிலை கதைக்க, அவளுக்கு விளங்காமல் போனா? தான் படிச்சதெல்லாம் பிழை எண்டு பிள்ளை மனம் விட்டிடுவாளே? அதுதான் பழகினனான். அவள் பிறகு எடுக்கேல்லை. என்ரை தமிழ் சரியில்லை, மாமி ஏதோ நடிக்கிறா எண்டு நினைச்சிட்டாள் போலை எண்டு இருந்திட்டன்."

அப்போதுதான் கவனித்தேன். இந்த ஊரில் அப்பாவின் அக்காவை மாமி என்பார்கள். தன் வாழ்நாளில் யாருக்கும் அத்தையாக இருந்திராத ஒருவர், தம்பி மகளுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, நான் அத்தை பேசுகிறேன் என்று சொல்லிப் பழகியிருக்கிறார்.

என் பையிலிருந்த கொப்பியை எடுத்து அவருடைய கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார். சந்தைப் பேச்சு, நாய்க்குச் சொன்னது, பேருந்துக் கலியாணச் சண்டை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கும் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மூன்று பேர் இத்தனை பாடுபட்டுப் படித்து, ஆளுக்கொரு பக்கமாகக் கடந்து போயிருக்கிறோம்.

இப்போதே அழையுங்கள் என்றேன். அங்கே விடிந்திருக்குமா என்று கேட்டார். பத்து மணி இருக்கும் என்றேன். தலைமுடியை ஒதுக்கினார், படத்தை ஒருமுறை பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹலோ மாயா, நான் அத்தை," என்று ஒத்திகை பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். தம்பியோடு எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டேன்.

"அவனோடையோ? எடுத்த உடனை சண்டைதான்."

அப்படியே பேசுங்கள் என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு எண்ணை அழுத்தி, எனக்கும் கேட்கும்படி வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது. மாயாவின் குரல் வந்தது, நான் சொல்லிக்கொடுத்த அதே பணிவோடு. "வணக்கம் அத்தை. நல்லா இருக்கீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எடி பிள்ளை, நான் மாமி. எத்தினை மாதமடி, ஒரு போன் இல்லை? கொப்பன் இருந்திருந்தா உப்பிடி விட்டிருப்பானே? அவனும் உப்பிடித்தான், ஒரு கிழமை எடுக்காட்டி நான் கிழிகிழியெண்டு கிழிப்பன். சாப்பிட்டனியே? என்ன சாப்பிட்டனி? அங்கை குளிரே?"

மறுமுனையில் சத்தமே இல்லை. புவனேஸ்வரியம்மா கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, பயந்துபோய் என்னிடம், "விளங்கேல்லைப் போலை," என்றார். நானும் பயந்துவிட்டேன்.

பிறகு மாயா பேசினாள். மூக்கு அடைத்த குரல்.

"மாமி, இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்தைப் பிள்ளை?"

"எல்லாத்தையும்."

அவர் சொன்னார். முதலிலிருந்து எல்லாவற்றையும், இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொன்னார். மாயா இடையில் நிறுத்தி நிறுத்தி அர்த்தம் கேட்டாள், அவர் விளக்கினார், மறுபடி திட்டினார். என் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. நான் எழுந்து முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டேன். ஜன்னல் வழியாக அந்தப் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. பெர்கனில் ஒரு சின்னப் பெண் அடுத்த அறையில் படுத்துக் கேட்டது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு முடிய முக்கால் மணிநேரம் ஆயிற்று.

வெளியே வந்தவர் முகம் கழுவியிருந்தார். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அழைப்பதாகப் பிள்ளை சொல்லியிருக்கிறாளாம். சனிக்கிழமைதான் அவள் என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த நாள். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அதில் பாதி பொய். ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே, அதை அனுபவிக்கத்தான் எட்டு வருடமாக டீச்சராக இருக்கிறேன் என்று தோன்றியது.

நேரமாகிறது, கிளம்புகிறேன் என்றேன். அவர் விடவில்லை. வடைப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் இரண்டு கோப்பைகள். ஒன்றில் பால் விடாத வெறும் தேயிலைச் சாயம், அது அவருக்கு. மற்றதில் பால் ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு, எங்கள் ஊர்க் கடையில் போலவே நுரை பொங்க ஆற்றிய டீ.

"உட்காருங்க மேடம்," என்றார். "சூடா ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

உட்கார்ந்து குடித்தேன். சர்க்கரைகூட எங்கள் ஊர் அளவுக்குச் சரியாக இருந்தது.